ரஃயும் ராயும்

அரபு மொழியில் 'ரஃயு' என்று ஒரு சொல் உண்டு. மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதிய எவருக்கும் அது புதிய சொல் அன்று. முற்கால அறிஞர்களை 'அஹ்லுல் ஹதீஸ்' என்றும் 'அஹ்லுர் ரஃயு' என்றும் இரு சாராராகப் பிரித்துச் சொல்லும் பாடத்தை நடத்தாத உஸ்தாது இருக்கமாட்டார். அந்தச் சொல்தான் ஒலியில் சற்றே தேய்ந்து, 'ராய்' என்னும் உருவில், இன்று உலகம் அறிந்த ஒரு பாட்டு வகைக்குப் பெயராக வழங்குகிறது. அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியில் உள்ள வஹ்ரான் பட்டணத்திலும் அதைச் சூழ்ந்த சீமையிலும் தோன்றி, பின்னர் மேனாட்டு ராக் இசையின் மின்கித்தாரையும் முரசுக் கட்டையும் தழுவிக்கொண்டு பாரிஸ் மாநகர்வரை சென்ற பாட்டு அது. ஐரோப்பியப் பத்திரிகைகள் இதை அறிமுகம் செய்தபோதெல்லாம், 'ராய் என்பதற்கு அரபியில் கருத்து என்று பொருள்' என்று ஒரு வரி எழுதி, அடுத்த வரியிலேயே, 'ஆதலின் இது கருத்துரிமையின் இசை' என்று முடித்துவிட்டன. முதல் வரியில் பாதி உண்மை உண்டு. இரண்டாம் வரி அவசரத்தில் பிறந்தது.

பாட்டும் இசைக்கருவியும் ஆகுமா ஆகாதா என்பது உலமாக்களிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. அதை இங்கே நாம் தீர்க்கப் புகவில்லை. ஒரு சொல் யார் யார் கையில் இருந்தது, அது எவ்வாறு பொருள் மாறியது என்பதே இங்கு நம் விசாரணை.

ரா, ஹம்ஸா, யா என்னும் மூவெழுத்து வேரிலிருந்து பிறந்த சொல் இது. காணுதல் என்பது அவ்வேரின் பொருள். பிறை காண்பதை ருஃயத் என்கிறோம். கனவில் காண்பது ருஃயா. முகம் பார்க்கும் கண்ணாடி மிர்ஆத். பிறர் காணவேண்டும் என்பதற்காகச் செய்யும் அமல் ரியா. எல்லாம் ஒரு தாய் மக்களே. கண்ணால் காண்பதைப் போல உள்ளத்தால் கண்டு தெளிவது ரஃயு. தமிழிலும் 'என் பார்வையில்' என்று சொல்லும்போது நாம் கண்ணைச் சுட்டுவதில்லை அல்லவா?

திருக்குர்ஆனில் இச்சொல் இரண்டு இடங்களில் வருகிறது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தில் அது வெறும் கண் பார்வை. ஹூது அத்தியாயத்தின் 27ஆம் வசனத்தில்தான் அது எண்ணத்தைக் குறிக்கிறது. அதைச் சொல்பவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். நூஹ் நபி (அலை) அவர்களின் சமுதாயத்துப் பிரமுகர்கள், அந்நபியைப் பின்பற்றிய எளிய மக்களைச் சுட்டி, இவர்கள் நம்மில் கீழானவர்கள், மேலோட்டமான ரஃயு உடையவர்கள் என்று இகழும் இடம் அது. ரஃயு உடைமை பெரிய மனிதர்களின் உரிமை, ஏழை எளியவருக்கு அது ஏது என்னும் இறுமாப்பு அவ்வளவு பழையது. வஹ்ரானுக்கு வரும்போது இந்த வசனம் நமக்கு மறுபடி நினைவுக்கு வரும்.

ஃபிக்ஹின் வரலாற்றில் ரஃயுக்கு ஏற்பட்ட மதிப்பை விரித்தால் தனிநூலாகும். முஆது இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பியபோது, வேதத்திலும் நபிவழியிலும் விடை காணாத வழக்கில் எப்படித் தீர்ப்பளிப்பீர் என நபி (ஸல்) அவர்கள் வினவ, என் ரஃயைக் கொண்டு முயல்வேன் என்று அவர் விடையிறுத்ததாக ஒரு ஹதீஸ் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் முஹத்திஸ்கள் குறை கண்டபோதிலும், உஸூல் நூலார் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வழியினர் அஹ்லுர் ரஃயு எனப்பட்டனர். மதீனாவிலும் ஒருவர் இருந்தார். ரபீஆ இப்னு அபீ அப்திர் ரஹ்மான் என்பது அவர் பெயர். ஆயினும் மக்கள் அவரை 'ரபீஅத்துர் ரஃயு' என்றே அழைத்தனர். ஹிஜ்ரி 136இல் மறைந்த அப்பெரியார்தாம் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ஆசிரியர்களுள் ஒருவர். அல்ஜீரியா பெரும்பாலும் மாலிக்கி மத்ஹபைப் பின்பற்றும் நாடு. ராய் பாடியவர்கள் தொழுகையைக் கற்ற மத்ஹபின் இமாமுக்கே ஆசானாக இருந்தவர் 'ரஃயு' என்பதையே பட்டப்பெயராகப் பெற்றிருந்தார் என்பது தற்செயல்தான். என்றாலும் சுவையான தற்செயல்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரபு ஒழுக்க நூல்களில் ரஃயுக்கு எதிரியாக நிறுத்தப்படுவது 'ஹவா', அதாவது மனஇச்சை. ஹவா மிகுந்தால் ரஃயு கெடும் என்பது அந்நூல்களின் அரிச்சுவடி. அதே சமயம் அஹ்லுல் ஹதீஸைச் சேர்ந்தோர் எதிரணியைச் சாடியபோது, நீங்கள் ரஃயு என்று சொல்வது வேடம் பூண்ட ஹவாவே என்றுதான் சாடினார்கள். ஷாஃபிஈ இமாம் (ரஹ்) அவர்கள் தம் ரிஸாலாவில் கட்டற்ற ரஃயை ஒதுக்கி, கியாஸ் என்னும் வரம்புக்குள் மட்டுமே அதை அனுமதித்ததற்கும் இந்த அச்சமே காரணம். தெளிந்த தீர்ப்பு, தன் இச்சை என்னும் இரண்டு பொருளும் இச்சொல்லின் இரு பக்கங்களில் எப்போதும் நின்றுகொண்டிருந்தன. நடுவில் இருந்த சுவர் மெல்லியது.

இனி வஹ்ரானுக்குச் செல்வோம். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், கி.பி. 902 வாக்கில், அந்தலூஸிலிருந்து வந்த கடலோடிகள் அமைத்த துறைமுகம் அது. 1509இல் ஸ்பானியர் அதைப் பிடித்தனர். 1708இல் முஸ்லிம்கள் மீட்டனர். 1732இல் மீண்டும் ஸ்பானியர் கைக்குப் போய், 1792இல் திரும்பி வந்தது. நாற்பதாண்டுகூட நிம்மதியாக இல்லை. 1831இல் பிரெஞ்சுக்காரர் நுழைந்துவிட்டனர். அவர்கள் 1863இலும் 1873இலும் இயற்றிய நிலச் சட்டங்கள் கூட்டுடைமையாக இருந்த குலத்தார் நிலங்களைத் துண்டு துண்டாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தன. அதே காலத்தில் பிரான்சு நாட்டில் ஒருவகைப் பூச்சி திராட்சைக் கொடிகளை அழிக்கவே, அந்தச் சாகுபடி அல்ஜீரியாவுக்கு மாற்றப்பட்டது. வஹ்ரான் சீமையின் கோதுமை வயல்கள் மதுவுக்கான திராட்சைத் தோட்டங்கள் ஆயின. மது விலக்கப்பட்ட மார்க்கத்தைச் சேர்ந்த உழவன், தன் பாட்டன் நிலத்திலேயே மதுவுக்குப் பழம் பறிக்கும் கூலியானான். பட்டணத்திலோ ஐரோப்பியரே பெரும்பான்மையர். பிழைப்பைத் தேடிப் பட்டணம் போன நாட்டுப்புறத்து ஆணும் பெண்ணும் அதன் ஓரங்களில் குடிசை போட்டார்கள். ராய் அந்தக் குடிசைகளின் பாட்டு.

அதற்கு முன்பே அச்சீமையில் மரபான பாட்டு ஒன்று இருந்தது. 'மல்ஹூன்' எனப்படும் பேச்சுவழக்கு அரபுக் கவிதைகளை நினைவில் ஏற்றி வைத்துப் பாடும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தனர். இவர்களுக்கும் ஷைகு என்றே பட்டம். நம் நாட்டில் அச்சொல்லைக் கேட்டதும் ஞானகுருவே நினைவுக்கு வருவார். அங்கே அது பாட்டில் தேர்ந்த முதியவருக்கும் உரியது. நாணல் குழலும் மண்ணாலோ மரத்தாலோ ஆன நீண்ட மேளமும் துணையாக, திருமணங்களிலும் வலிமார்களின் விழாக்களிலும் அவர்கள் பாடுவர். நபிபுகழும் வீரர் கதையும் கண்ணியமான காதலும் அவர்கள் பொருள். ஷைகு ஹமாதா, அப்துல் காதிர் அல் காலிதீ போன்றோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புகழ்பெற்றிருந்தனர்.

ஷைகுகளின் அதே குழலையும் மேளத்தையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் பாடாததைப் பாடியவர்கள் பெண்கள். 'ஷைகா' என அவர்களை அழைத்தனர். அப்பெயரில் மரியாதையும் இருந்தது, ஏளனமும் இருந்தது. பெரும்பாலோர் பெற்றோரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், எந்தக் குடும்பத்தின் நிழலும் இல்லாதவர்கள். அவர்களுள் தலைமை பெற்ற ரிமித்தியின் வரலாறு, 'ராய்' என்னும் பெயரின் பொருளுக்கு எந்த அகராதியையும்விட நல்ல உரை.

ஸஅதிய்யா என்பது அவர் இயற்பெயர். 1923இல் ஸீதி பல்அப்பாஸ் பக்கத்துத் தஸ்ஸாலாவில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். பதினைந்து வயதளவில் ஊர் ஊராய்ச் செல்லும் பாடகர் குழுவில் சேர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. பாடல்களைத் தாமே கட்டி நெஞ்சில் வைத்திருந்தார். ஒரு விழாவின்போது மழைக்கு ஒதுங்கிய கடையில், தம்மை அடையாளம் கண்டு சூழ்ந்தவர்களுக்கு இன்னொரு சுற்றுப் பானம் வழங்கச் சொல்ல விரும்பினார். பிரெஞ்சு தெரியாததால், கடையில் பிறர் சொல்லக் கேட்டிருந்த 'ரெமத்தே', அதாவது 'மறுபடி கொடு' என்ற ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டம் அதையே அவருக்குப் பெயராக்கிவிட்டது. 1952இல் பாத்தே நிறுவனம் வெளியிட்ட அவரது முதல் இசைத்தட்டிலும் அந்தப் பெயரே இருந்தது. தந்தை வைத்த பெயர் மறைந்து, ஆட்சியாளரின் மொழியில், மது விற்ற கடையில் கிடைத்த பெயர் வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டது. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். அந்தக் கடையையும் அந்தக் கொடித்தோட்டத்தையும் அங்கே கொண்டுவந்தவர் யார் என்பதையும் சேர்த்து எண்ணிச் சுளிப்பதே நியாயம்.

1954இல் வந்த ஒரு பாட்டு ஒழுக்கம் பேசுவோரைக் கொதிக்க வைத்தது. 1962இல் நாடு விடுதலை பெற்றபின் புதிய அரசும் அவரை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அப்பால் நிறுத்தியது. 1970களின் நடுவில் அவர் ஹஜ்ஜு செய்தார். அதன்பின் மதுவையும் புகையையும் விட்டார், பாட்டை விடவில்லை. 2006 மே மாதம் பாரிஸில் பேரரங்கு ஒன்றில் பாடி இரண்டு நாள் கழித்து அங்கேயே காலமானார். அவருக்கு வயது 83.

இத்தகையோர் பாட்டில்தான் அந்த விளி வருகிறது. அடிக்கு நடுவிலும் அடி முடிவிலும், 'யா ராயீ' என்று நீட்டிக் கூவுவார்கள். பேச்சுவழக்கில் ஹம்ஸா உதிர்ந்துபோகும் என்பதை அரபி கற்றோர் அறிவர். எனவே அது 'யா ரஃயீ', என் ரஃயே என்பதுதான். இந்த விளி மிகுந்து வந்ததால் பாட்டு வகைக்கே அது பெயராயிற்று. ஒலிநாடாக்கள் பரவிய 1970களில் இப்பெயர் நிலைபெற்றது.

ஏன் ரஃயை விளிக்கிறார்கள்? பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. முற்காலத்தில் மக்கள் தங்கள் சிக்கல்களுக்கு ஷைகுகளிடம் சென்று ரஃயு, அதாவது ஆலோசனை கேட்டார்களாம். அவர்கள் அதைக் கவிதையாகச் சொன்னார்களாம். அதிலிருந்து இப்பெயர் வந்ததாம். கேட்க அழகாக இருக்கிறது. ஷைகுகளின் கவிதையில் அறிவுரை இருந்தது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் இலக்கணம் இடங்கொடுக்கவில்லை. பிறரிடம் ஆலோசனை கேட்பவன் 'உம் ரஃயு என்ன' என்பான். 'என் ரஃயே' என்று அழைக்க மாட்டான். சொல்லின் ஈற்றில் உள்ள அந்த ஒரு 'ஈ'யை மறந்தவர்களே இவ்விளக்கத்தில் மனநிறைவு கொள்ள முடியும். அதே 'ஈ', 'கருத்துரிமை' விளக்கத்தையும் தள்ளிவிடுகிறது. தன் கருத்தை ஊரறியச் சொல்ல வந்தவர் 'இது என் ரஃயு' என்பார். இவர்களோ ரஃயைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். என் புத்தியே, என்னை எங்கே கொண்டுவந்து விட்டாய் என்பது அக்குரலின் தொனி. தமிழ் வாசகர்களுக்கு இது அயலான முறை அன்று. திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது.

வஹ்ரான் வழக்கில் ஒருவரைப் பார்த்து 'உன் ராயைச் செய்' என்றால், 'உன் இஷ்டப்படி செய்' என்று பொருள். ஃபிக்ஹு நூலில் ஹவாவுக்கு எதிரியாக நின்ற சொல், அந்தச் சீமையின் பேச்சில் சுவரைத் தாண்டி ஹவாவின் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. தெளிந்த தீர்ப்பு, தன்னிச்சை, அதன் விளைவாய் வந்த தலைவிதி ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் முடிச்சாகிவிட்டன. அதனால்தான் ஒற்றைச் சொல்லில் இதை எந்த மொழியிலும் பெயர்க்க முடிவதில்லை. எவருடைய ரஃயும் கேட்கப்படாத ஒரு கூட்டம், நிலத்தைப் பற்றியோ ஆட்சியைப் பற்றியோ திருமணத்தைப் பற்றியோ எவரும் சம்மதம் கேட்டிராத பெண்கள், எனக்கும் ஒரு ரஃயு இருந்தது, அது தவறிப்போயிற்று என்று பாடினார்கள். தவற்றை ஏற்றுக்கொள்வதன் வழியாகவே, தவறு செய்யத்தக்க ஒரு புத்தி தமக்கு உண்டு என்பதை நிலைநாட்டிக்கொண்டார்கள். ஹூது அத்தியாயத்துப் பிரமுகர்கள் ஏழைகளுக்கு இல்லையென்று மறுத்தது இதைத்தான்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். ஐன் தமூஷந்த் ஊரைச் சேர்ந்த பில்லமூ மஸ்ஊத், நாணல் குழலின் இடத்தில் எக்காளத்தை வைத்தார். அடுத்து மின்கித்தாரும் செயற்கை ஒலிப்பெட்டியும் வந்தன. ராக் இசையில் பழகிய ரஷீத் பாபா அஹ்மத் என்பவர் திலிம்ஸான் நகரில் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து, 1980களில் இப்பாட்டுக்கு இன்றைய உருவைக் கொடுத்தார். பாடகர்கள் தம் பெயருக்கு முன் 'ஷாப்', அதாவது இளைஞன் என்று சேர்த்துக்கொண்டனர். அதை வழக்கில் 'ஷெப்' என்பர். ஷைகு என்றால் முதியவர், ஷாப் என்றால் இளையவர். பட்டம் மாறியதிலேயே ஒரு தலைமுறையின் வழக்குத் தெரிகிறது. 1985 ஆகஸ்டில் வஹ்ரானிலேயே ராய் விழா நடந்தது. அரசு கதவைத் திறந்ததற்கு அது அடையாளம். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பாரிஸ் புறநகர் போபின்யியில் ஒரு விழா நடந்தது. 1960இல் வஹ்ரானில் பிறந்த காலித் பாடிய 'தீதீ' 1992இல் வெளிவந்து இந்தியாவரை ஒலித்தது. பிரெஞ்சுக்காரர் இப்பெயரைத் தம் எழுத்தில் எழுதியபோது, ஈற்றெழுத்தைப் பிரித்து ஒலிக்க அதன் தலையில் இரண்டு புள்ளி வைத்தனர். அரபியில் யாவுக்குக் கீழே இருக்கும் இரண்டு புள்ளிகள் அங்கே மேலே ஏறிக்கொண்டன!

ஒரு மயக்கத்தையும் இவ்விடத்தில் நீக்கிவிடலாம். 'யா ராயிஹ்' என்று புகழ்பெற்ற ஒரு பாட்டு உண்டு. ஸீக் என்னும் ஊரில் பிறந்து பிரான்சில் வளர்ந்த ராக் பாடகர் ரஷீத் தாஹா அதை உலகறியச் செய்தார். பெயரின் ஒலியைக் கேட்டுப் பலரும் அதை ராய் என்றே நம்புகின்றனர். அதன் ஈற்றில் நிற்பதோ 'ஹா'. போகின்றவனே, பயணியே என்று பொருள்படும் வேறொரு வேர்ச்சொல் அது. இயற்றியவர் அல்ஜியர்ஸ் நகரத்து மரபைச் சேர்ந்த தஹ்மான் அல் ஹர்ராஷீ, 1980இல் மறைந்தவர். ஓரெழுத்தைக் கவனியாததால் ஓர் ஊர்ப் பாட்டு இன்னோர் ஊருக்குப் போய்விட்டது.

1992 ஜனவரியில் தேர்தல் நிறுத்தப்பட்டதைத் தொடர்ந்து அல்ஜீரியா பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்ட உள்நாட்டுப் போரில் வீழ்ந்தது. 1994 செப்டம்பர் 29 அன்று, வஹ்ரானில் தம் வீட்டிருந்த பகுதியிலேயே, ஷாப் ஹஸ்னி சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 26. காதலையும் பிரிவையும் பாடிய அவர், பலர் பிரான்சுக்குப் போய்விட்ட பின்னும் ஊரை விட்டுப் போகாதவர். 1995 பிப்ரவரியில் திலிம்ஸானில் ரஷீத் பாபா அஹ்மதும் கொல்லப்பட்டார். மார்க்கத்தின் பெயரால் ஆயுதம் எடுத்த குழுக்களின் வேலை இது என்றே அன்று பேசப்பட்டது. இவற்றைச் சொல்பவர்கள், ஹஸ்னிக்குச் சில மாதங்கள் முன் நடந்த இன்னொன்றைப் பெரும்பாலும் சொல்வதில்லை. புலைதா நகரத்து மார்க்க அறிஞர் முஹம்மத் பூ ஸுலைமானி, இர்ஷாத் வல் இஸ்லாஹ் சங்கத்தின் தலைவர், 1993 நவம்பரில் ஆயுதக் குழு ஒன்றால் கடத்தப்பட்டார். தங்கள் செயல்களுக்கு மார்க்கத் தீர்ப்பு வழங்குமாறு அவரை அவர்கள் வற்புறுத்தினர், அவர் மறுத்தார். 1994 ஜனவரியில் அவரது உடல்தான் கிடைத்தது. ராய் பாடிய இளைஞரையும் ரஃயு வழங்க மறுத்த ஆலிமையும் ஒரே ஆண்டு வாங்கிக்கொண்டது. ஹஸ்னியைப் பற்றி மேனாட்டில் எழுதுவோர் பூ ஸுலைமானியை அறிவதில்லை. பூ ஸுலைமானிக்கு துஆச் செய்யும் நம்மவர் சிலர் ஹஸ்னியின் பெயரைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். இரண்டு ஜனாஸாவையும் ஒரே மண்தான் ஏற்றது.

2022 டிசம்பரில், ரபாத் நகரில் கூடிய யுனெஸ்கோவின் குழு, ராய் பாட்டை அல்ஜீரியாவின் மக்கள் பாட்டு என்று மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. மொரோக்கோவின் கிழக்கு எல்லையில் உள்ள வஜ்தா நகரத்தாரும் இப்பாட்டைத் தமதென்பர். அது அண்டை வீட்டார் வழக்கு. அல்ஜீரியர் அரபு எழுத்தில் இப்பெயரை எழுதும்போது அலிஃபின்மேல் ஹம்ஸா வைப்பதில்லை. நம் மத்ரஸாவில் ஒரு மாணவன் அப்படி எழுதினால் சிவப்பு மையால் திருத்துவோம். வஹ்ரானில் அது பிழை அன்று.